தொண்டர்கள் இருக்க அரசு எதற்கு?

கேள்வி: வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் தன்னார்வலர்களே முதலில் ஓடி வருகிறார்கள். அப்படியானால் அரசின் பொறுப்புதான் என்ன?

பதில்: முதலில் உதவுபவர் அருகில் இருப்பவர்தான், அதை மட்டும் வைத்து அரசு தோற்றது என்று சொல்லிவிட முடியாது. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது, இடிபாடுகளில் சிக்கியோரில் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. பின்னர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொண்டு செய்யத் திரண்டதால், அந்நாட்டில் அவ்வாண்டு ‘தன்னார்வத் தொண்டின் முதல் ஆண்டு’ என்றே அழைக்கப்படுகிறது. ஆனால், குடிநீர்க் குழாய்களைச் சீரமைப்பது, இழப்பீட்டுக்குக் கணக்கெடுப்பது, வீடிழந்தோருக்கு மாற்றுக் குடியிருப்பு அமைப்பது போன்ற, ஆண்டுக்கணக்கில் நீளும் பணிகளுக்கு நிதியும் சட்ட அதிகாரமும் வேண்டும். சில நாள் விடுப்பில் வந்தவரிடம் அவற்றை எதிர்பார்ப்பது நியாயமன்று. (தொண்டர்களைப் புகழும் மேடைகளில் இந்த வேறுபாடு வசதியாக மறக்கப்படுகிறது.) 2015-இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்ற செண்டாய் செயல்திட்டமும், பேரிடர் அபாயத்தைக் குறைக்கும் முதன்மைப் பொறுப்பு அரசுடையது என்றும், மற்றவர்கள் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. எங்கே என்ன தேவை என்பதை உள்ளாட்சி நிர்வாகம் அறிவித்து, தொண்டர்களைப் பதிவுசெய்து பிரித்தனுப்பாவிட்டால், ஒரு தெருவில் பழைய துணிகள் குவியும். அடுத்த தெருவுக்கு மருந்து போய்ச் சேராது.