மின்சார கார் கடனுக்கு வட்டிக் கழிவு கிடைக்குமா?

கேள்வி: திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 12 லட்சம் ரூபாய் மின்சார கார் வாங்க, 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் கேட்டிருக்கிறேன். கடன் வட்டியால் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை வரி மிச்சமாகும், மத்திய அரசு மானியமும் உண்டு என்று ஷோரூமில் சொல்கிறார்கள். இதற்காகவே பழைய வரி முறையில் தொடர நினைக்கிறேன். சரிதானா?

பதில்: இதற்காக மட்டும் தொடர வேண்டாம். அவர்கள் குறிப்பிடுவது, மின்வாகனக் கடனின் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்க அனுமதித்த, 1961 வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அந்தக் காலத்தில் கடன் வாங்கியவர்கள் பழைய வரி முறையில் இருந்தால், கடன் முடியும்வரை அந்தக் கழிவைப் பெறலாம். உங்கள் புதிய கடனுக்கு அது கிடையாது.

கிடைத்திருந்தாலும் 1.5 லட்சம் மிச்சமாகியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தொகை வருமானத்திலிருந்து கழிக்கக்கூடிய வட்டியின் உச்சவரம்புதானே தவிர, குறையும் வரி அல்ல. உங்கள் கடனின் மாதத் தவணை சுமார் 20,760 ரூபாய். முதல் ஆண்டு வட்டி ஏறத்தாழ 83,000. நீங்கள் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால், செஸ் எனும் கூடுதல் வரியும் சேர்த்து 17,000 ரூபாய் அளவுக்கே மிச்சமாகியிருக்கும். அசல் குறையக் குறைய அடுத்தடுத்த ஆண்டுகளில் அதுவும் சுருங்கியிருக்கும்.

மத்திய அரசு மானியமும் உங்களுக்கு இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் என்ற மின்வாகன மானியத் திட்டத்தில் சொந்தப் பயன்பாட்டுக் கார்கள் சேர்க்கப்படவில்லை. மின்வாகனங்களுக்கான 5 சதவீத ஜிஎஸ்டி உண்மையான சலுகைதான் என்றாலும், அது ஷோரூம் விலையிலேயே அடங்கிவிட்டதால், அதைத் தனித் தள்ளுபடியாகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

உங்களுக்குப் பெரிய பலன் தருவது, ஷோரூமில் உங்களிடம் சொல்லாமல் விட்ட மாநில அரசின் வரி விலக்குதான். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு, பதிவின்போது ஒரே முறை கட்டும் வாழ்நாள் வரி 2023 நவம்பர் முதல் 18 சதவீதம். இதே விலையில் பெட்ரோல் கார் வாங்கினால் 2,16,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். பேட்டரி வாகனங்களுக்கு மாநில அரசு இந்த வரியில் 100 சதவீத விலக்கு அளித்து வருகிறது. அந்த விலக்குக்குக் காலவரையறை உண்டு. முன்பதிவு செய்த நாளில் அல்ல, வாகனம் பதிவாகும் நாளில் அரசாணை நடைமுறையில் இருக்க வேண்டும் என்பதால், டெலிவரி தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்திலும் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு, தொகை சிறியது.

ஆகவே விலைப்பட்டியலை ஒவ்வொரு தொகையாகப் பிரித்துக் கேட்டு வாங்குங்கள். வாழ்நாள் வரி என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். பழைய வரி முறையா, புதியதா என்பதை இந்தக் காரைக் கணக்கில் சேர்க்காமல், வீட்டுக் கடன், காப்பீடு போன்ற உங்கள் மற்றக் கழிவுகளை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.