மடிப்பும் பாலியஸ்டரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இசே மியாகேயின் மடிப்பாடைகளைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தால் எல்லாம் பாலியஸ்டர்! பட்டு நெய்த ஜப்பானில் செயற்கை இழையைக் கொண்டாடலாமா? வெறும் மடிப்புக்கு இத்தனை ஆரவாரம் ஏன்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

ஈரோட்டுக்காரருக்குப் பாலியஸ்டர் மேல் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் இங்கே பாலியஸ்டரை எடுத்துவிட்டால் மடிப்பே நிற்காது.

பட்டில் முயன்றவர் உண்டு. வெனிஸில் மரியானோ ஃபோர்ச்சூனி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்மடிப்புப் பட்டாடைகள் செய்தார். பேரழகு. நனைந்தால் மடிப்பு கலைந்துவிடும். மறுபடி மடித்துத்தர அவரிடமே அனுப்பவேண்டும். பாலியஸ்டரோ சூட்டில் இளகி, ஆறும்போது இருந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. துவைக்கலாம், சுருட்டிப் பெட்டியில் திணிக்கலாம், இஸ்திரி தேவையில்லை.

இழை எல்லாருக்கும் கிடைப்பதுதான். மியாகே மாற்றியது வேலையின் வரிசையை. மடித்த துணியை வாங்கி வெட்டித் தைப்பதே வழக்கம். அவர் ஆடையை முதலில் தைத்துவிட்டார், வேண்டிய அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக. யானைக்குத் தைத்ததோ என்று தோன்றும். அதைக் காகிதத் தாள்களுக்கு நடுவே வைத்து மடிப்பு இயந்திரத்துக்குள் செலுத்தினால், சூடும் அழுத்தமும் பட்டு ஆள் அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். தையலும் கூடவே மடிந்திருப்பதால் உடல் அசையும் பக்கமெல்லாம் ஆடை விரிந்து கொடுக்கும். 1991இல் வில்லியம் ஃபோர்சைத்தின் பிராங்க்பர்ட் பாலே குழுவினர் இதை அணிந்து ஆடினார்கள். தாவிக் குதிப்பவர்களைவிடக் கடுமையான பரிசோதகர் ஓர் ஆடைக்கு ஏது? 1993இல் 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' தனி வரிசையாகக் கடைக்கு வந்தது.

2010இல் வந்த மியாகேயின் '132 5.' ஆடை வரிசை இன்னும் விசித்திரம். கணினி அறிஞர் ஜுன் மிதானியின் மடிப்புக் கணிதத்திலிருந்து பிறந்தது. தட்டையாகக் கிடக்கும் வடிவத்தைப் பிடித்துத் தூக்கினால் பாவாடையாகவோ சட்டையாகவோ எழும். அணிவதைவிட மடித்துப் பார்ப்பதில்தான் அதன் சுவை என்பேன். 'நுனோ' என்ற ஜப்பானியத் துணி நிறுவனத்தின் ரெய்கோ சூடோவையும் தேடிப் பாருங்கள். ஓரிகாமி என்ற காகித மடிப்புக் கலை போல மடித்த அவருடைய துணிகள் எனக்கு மியாகேயினுடையவற்றைவிடப் பிடிக்கும்.

நீங்கள் விலையைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஜீன்ஸ், டி-ஷர்ட் போல எல்லாரும் அன்றாடம் உடுத்தும் உடையைத்தான் மியாகே விரும்பினார். இன்று அந்த மடிப்பாடையின் விலைச்சீட்டைப் பார்க்கிற எவருக்கும் அது அன்றாட உடையாகத் தெரியாது.