ரெண்டு பேருக்குச் சாப்பிடணுமா?

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. "ரெண்டு உயிர், நல்லா சாப்பிடு" என்று வீட்டில் தட்டை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் ஹீமோகுளோபின் 9.8தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலச்சிக்கல் வருவதால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன், அதுவும் டீயோடு. நடந்தால் குழந்தைக்கு ஆகாது என்கிறார்களே, நிஜமா?

பதில்: முதலில் அந்த டீயையும் மாத்திரையையும் பிரித்துவிடுங்கள். டீ, காபியில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்துகொண்டு அதை உடம்பில் ஏற விடாது. பாலும் கால்சியம் மாத்திரையும்கூட அப்படித்தான். நீங்கள் கஷ்டப்பட்டு விழுங்குவது இப்படி வீணாவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாத்திரை அட்டையை டீ டம்ளர் பக்கத்திலிருந்து எடுத்துத் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வையுங்கள். டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும், எலுமிச்சைச் சாறோ ஆரஞ்சோ சேர்த்தால் இன்னும் நல்லது. இரும்பு காலையில் என்றால் கால்சியம் ராத்திரி.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுகிறது, ஆனால் சிவப்பணுக்கள் அதே வேகத்தில் கூடுவதில்லை, அதனால் எல்லோருக்குமே ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கும். ஆனால் இந்த மாதத்தில் 10.5-க்குக் கீழே போனால் அது ரத்தசோகைதான். நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கலைச் சொன்னால் டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தருவார். அதுவரை தண்ணீர், கீரை, தோலோடு சாப்பிடும் பழங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால்தான்.

சாப்பாட்டு விஷயத்தில், வீட்டில் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு தப்பு. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 340 கலோரி, அதாவது ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். இரண்டாவது முறை சோறு போட வருகிறவர்களிடம் அதற்குப் பதில் பருப்பும் கீரையும் கேட்டு வாங்குங்கள். காபி குடிப்பவராக இருந்தால் டீ, காபி எல்லாம் சேர்த்து காஃபீன் நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நடை. ரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது போன்ற காரணத்தால் டாக்டர் தடுத்திருந்தால் தவிர, நடப்பது குழந்தைக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. பொதுவாகச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். ஆனால் உங்களுக்கு மூச்சு வாங்குவதால் இப்போதைக்குப் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தினமும் போட்டும் ஏறவில்லை என்று அவர் நினைத்துவிட்டால் வைத்தியமே வேறு பக்கம் போய்விடும்.