தேடுபவர் எழுதுவது ஒன்று, நாம் வாங்குவது ஒன்று

கேள்வி: தையல் இயந்திரங்களை இணையத்தின் வழியாக விற்று வருகிறேன். கூகுளில் கட்டண விளம்பரம் தொடங்கியபோது, சொற்கள் எவ்வளவு தேடப்படுகின்றன என்று சொல்லும் அதன் கீவேர்டு பிளானர் என்ற கருவி காட்டிய பட்டியலில் மிக அதிகமாகத் தேடப்பட்ட ‘தையல் இயந்திரம்’ என்பதையே கீவேர்டாகக் கொடுத்தேன். கிளிக்குகள் தினமும் வருகின்றன. ஒதுக்கிய தொகை மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. வாங்குபவரைத்தான் காணோம். இன்னும் நூறு சொற்களைச் சேர்க்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் சேர்க்க வேண்டாம். நீங்கள் கொடுத்திருக்கும் அந்த ஒரே சொல் யார் யாரை அழைத்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். விளம்பர இடத்துக்காக கூகுள் நடத்தும் ஏலத்தில் நாம் கேட்பது கீவேர்டு. தேடுபவர் தம் கைப்பட எழுதுவது தேடுசொல். இரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வதுதான் புதியவர்களின் பணத்தை அதிகம் கரைக்கிறது. வேறு குறியீடு எதுவும் இல்லாமல் ஒரு கீவேர்டைக் கொடுத்தால், கூகுள் அதை பிராட் மேட்ச் என்ற விரிந்த பொருத்தத்தில் எடுத்துக்கொள்ளும். அப்போது தையல் இயந்திரத்தின் படத்தைத் தேடும் மாணவர், ஊசி ஏன் உடைகிறது என்று கேட்பவர், பழைய இயந்திரத்தை விற்க நினைப்பவர் ஆகிய அனைவருக்கும் உங்கள் விளம்பரம் காட்டப்படலாம். அவர்களில் எவரும் உங்களை ஏமாற்றவில்லை. அவர்கள் கேட்டது வேறு, அவ்வளவுதான்.

மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் ஃபிரேஸ் மேட்ச் (தொடர்ப் பொருத்தம்), சதுர அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் எக்ஸாக்ட் மேட்ச் (துல்லியப் பொருத்தம்) எனப் பொருத்தம் படிப்படியாக இறுகும். ஆயினும் ‘எக்ஸாக்ட்’ என்ற பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது: 2018 முதல், எழுத்து வேறாக இருந்தாலும் பொருள் ஒன்றே என்று கூகுள் கருதும் தேடல்களும் அதில் அடங்குகின்றன.

தேடல் எண்ணிக்கையைவிடத் தேடுபவரின் நோக்கமே முக்கியம். தேடல்களை, தகவல் அறிய வருபவை, குறிப்பிட்ட தளத்துக்குச் செல்ல வருபவை, ஒரு செயலை முடிக்க வருபவை என மூன்றாகக் கணினி அறிஞர் ஆந்த்ரேய் பிரோடர் 2002-இல் வகைப்படுத்தினார். உங்களுக்கு வேண்டியது மூன்றாம் வகை. ‘தையல் இயந்திரம்’ என்ற இரண்டு சொற்களில் எந்த நோக்கமும் தெரியவில்லை. ‘மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் விலை’ என்று எழுதுபவர் வாங்கும் முடிவை ஏறக்குறைய நெருங்கிவிட்டவர். இத்தகைய நீண்ட தொடர்கள் ஒவ்வொன்றும் மாதத்துக்குச் சில முறையே தேடப்படலாம். அந்தச் சிறிய எண்ணைக் கண்டு பலர் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன். பிளானரில் ‘போட்டி’ என்று காட்டப்படுவதும் அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர்கள் எவ்வளவு மோதுகிறார்கள் என்பதன் அளவே தவிர, அந்தச் சொல்லின் தரச் சான்றிதழ் அல்ல.

வேண்டாத தேடல்களை விலக்கும் நெகட்டிவ் கீவேர்டுகளுக்கும் அதே அளவு உழைப்பைக் கொடுங்கள். இதில் தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வழக்கமான கீவேர்டுகள் ஒருமை, பன்மை, ஒத்த பொருள் என்று தாமாக விரிவது போல நெகட்டிவ் கீவேர்டுகள் விரிவதில்லை. ‘வாடகை’ என்பதை விலக்கிவிட்டு, ‘வாடகைக்கு’ என்று தேடுபவரும் நின்றுவிடுவார் என்று இருந்துவிட முடியாது. ‘பழுது’ என்பதை விலக்கினால் ‘ரிப்பேர்’ விலகாது. வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களையும் பேச்சு வழக்கில் உள்ள வடிவங்களையும் தனித்தனியே சேர்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை. எவற்றைச் சேர்ப்பது என்பதை ஊகித்துக்கொண்டிராமல், எந்தெந்தத் தேடல்கள் உங்கள் விளம்பரத்தைக் கொண்டுவந்தன என்று காட்டும் தேடுசொல் அறிக்கையை வாரம் ஒரு முறை திறந்து, கிளிக் செய்துவிட்டு வாங்காமல் போனவர்கள் எழுதிய தொடர்களிலிருந்து பொறுக்கி எடுங்கள். மிக அரிதாகத் தேடப்படும் தொடர்களை 2020 செப்டம்பர் முதல் கூகுள் அந்த அறிக்கையில் காட்டுவதில்லை என்பதால் சில கிளிக்குகள் எங்கிருந்து வந்தன என்பது தெரியாமலே போகும். அந்தத் தெரியாத பங்கு பெரிதாக இருந்தால், பொருத்தத்தை மேலும் இறுக்குங்கள்.

ஒரு சொல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்குக் கணக்கு எளிது. 50 கிளிக்குக்கு ஒரு விற்பனை நடக்கிறது என்றால், ஒரு விற்பனையில் கிடைக்கும் லாபத்தை 50-ஆல் வகுத்து வரும் தொகையே ஒரு கிளிக்குக்கான உச்சவரம்பு. அதற்கு மேல் கேட்கும் சொல் எத்தனை பேரை அழைத்து வந்தாலும் உங்களுக்கு நட்டம்.

கேள்வி: போட்டி நிறுவனத்தின் பெயரையே கீவேர்டாகக் கொடுக்கலாமா?

பதில்: வணிக முத்திரையாகப் பதிவான பெயரைக் கீவேர்டாகக் கொடுப்பதை கூகுள் தடுப்பதில்லை, உரிமையாளர் புகார் செய்தால் விளம்பர வாசகத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதற்குத்தான் கட்டுப்பாடு விதிக்கிறது. கூகுளின் விதி வேறு, நாட்டின் சட்டம் வேறு என்பதால் வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், தொடக்கத்தில் இதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பெயரைத் தேடி வருபவர் அந்தக் கடையைத் தேடி வருபவர். உங்கள் பக்கத்தில் அவர் எதிர்பார்த்தது இருக்காது. விளம்பரத்துக்கும் தேடலுக்கும் உள்ள தொடர்பு குறையும்போது, கூகுள் உங்களுக்கு இடும் தர மதிப்பெண் இறங்கும். அதே இடத்தைப் பிடிக்க நீங்கள் மற்றவரைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் சொந்தப் பெயரில் வரும் தேடல்களை மட்டும் ஒரு தனி விளம்பரத் தொகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே உங்களை அறிந்தவர்கள் வாங்கியதும் மற்றச் சொற்களின் வெற்றியாகக் கணக்கில் கலந்துவிடும்.