காட்பாடியில் 18 அடி ரேஸிங் கேட்டமரான் கட்டினால் முழுக்க கார்பன் தேவையா? எந்த வடிவம், எந்தப் பொருள்?

கேள்வி சுருக்கமாக: காட்பாடி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக் குழு, இரண்டு பேர் ஓட்டும் 18 அடி பந்தயக் கேட்டமரான் (இரட்டை உடல் பாய்ப்படகு) ஒன்றை ஷெட்டில் கட்டி, சென்னைக்குக் கொண்டுபோய்க் கடலில் ஓட்ட நினைக்கிறது. ஹல் (படகின் உடல்), இரண்டு ஹல்லையும் இணைக்கும் பீம், பாய்மரம் எல்லாம் கார்பன் ஃபைபரில் செய்தால்தான் வேகம் வருமா?

தேவையே இல்லை. ஃபார்முலா 18 என்ற பந்தயப் படகு வகுப்பில் ஹல்லிலும் பாய்மரத்திலும் கார்பனுக்கு அனுமதி கிடையாது; கிளாஸ் ஃபைபர் சாண்ட்விச் (இரண்டு துணி அடுக்குக்கு நடுவே ஃபோம்) ஹல், அலுமினியப் பாய்மரம்தான். அந்தப் படகுகள் நல்ல காற்றில் 20 நாட் வேகத்தை (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) தாண்டுகின்றன. கார்பனுக்கு ஒதுக்கிய பணத்தை இரண்டு இடத்தில் போடுங்கள். ஒன்று, பீமும் ஹல்லும் சேரும் நான்கு மூலைகள். இன்னொன்று, எப்பாக்ஸியை (துணியில் ஊறி இறுகும் ரெசின் பசை) சூட்டில் வைத்து முற்றவிடும் பெட்டி. வேலூர் வெயிலில் கட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது கட்டாயம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அளவு. ஃபார்முலா 18 படகு 5.52 மீட்டர் நீளம், 2.60 மீட்டர் அகலம், குறைந்தபட்ச எடை 180 கிலோ. ஒருவர் மட்டும் ஓட்டும் ஏ கிளாஸ் 5.49 மீட்டர் நீளம், 2.30 மீட்டர் அகலம், எடை வெறும் 75 கிலோ. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடிய டொர்னாடோ 6.09-க்கு 3.02. நீங்கள் 2.60-க்கு மேல் போக வேண்டாம். நம் நாட்டுச் சாலை விதியில் வண்டியின் மொத்த அகலத்துக்கு உச்ச வரம்பே 2.60 மீட்டர்தான். டொர்னாடோ அகலத்தில் கட்டினால் ஒவ்வொரு முறையும் பீமைக் கழற்றி, ஏற்றி, கடற்கரையில் மறுபடி மாட்ட வேண்டும். கழற்றிக் கழற்றி மாட்டுகிற மூட்டு சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.50 மீட்டரில் நிறுத்திக்கொண்டால் டிரெய்லரில் இரண்டு பக்கமும் கொஞ்சம் விளிம்பு மிஞ்சும்.

ஹல் ஏன் இவ்வளவு ஒல்லி என்பது புரிந்தால் மற்ற முடிவுகள் தானாக வரும். சாதாரண அகலமுள்ள 18 அடிப் படகு, தான் கிளப்பும் அலையிலேயே மாட்டிக்கொண்டு 5.7 நாட் அருகே திணறும். நீளத்தில் 15-இல் ஒரு பங்கு மட்டும் அகலமிருந்தால் அந்த அலை மிகச் சிறியது. படகு வரம்பைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். 5.5 மீட்டருக்கு நீர்மட்டத்தில் 36 சென்டிமீட்டர் அகலம் சரியான கணக்கு. அடிப்பகுதி அரைவட்டத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும், நனையும் பரப்பு குறையும். பின்பகுதியில் அடியைத் தட்டையாக்கினால் வேகத்தில் பின்புறம் அமிழாது.

கொள்ளளவு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. காற்று பலமானால் ஒரு ஹல் தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். அப்போது படகு 180 கிலோ, ஆள் 150 கிலோ, ஆக 330 கிலோவையும் ஒற்றை ஹல் சுமக்கிறது. அதன் மொத்தக் கொள்ளளவு 330 லிட்டரைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். மிச்சத்தில் பெரும்பங்கு முன்பக்கம். பாயின் உந்துவிசை நாலு மீட்டர் உயரத்தில் வேலை செய்து முகப்பைக் கீழே அழுத்துகிறது. முகப்பு முழுகினால் படகு தலைகுப்புறக் கவிழும். கேட்டமரான் விபத்துகளில் மோசமானது இதுதான், ஆட்கள் முன்னால் தூக்கி எறியப்படுவார்கள். அதனால் முகப்பின் மேல்தளத்தைத் தட்டையாக விடாதீர்கள். தட்டைத் தளம் தண்ணீருக்குள் போனால் பிரேக் போட்டது மாதிரி நிற்கும். முதுகு வளைந்த மேல்தளம் தண்ணீரை வழித்துவிட்டு மேலே வரும்.

இனி மூட்டுகள். கணக்கே சொல்லட்டும். ஒரு ஹல் எழும்பியிருக்கும் நிலையில், கீழ்க்காற்றுப் பக்க ஹல்லிலிருந்து படகின் எடைமையம் 1.1 மீட்டர் தள்ளி: 180 × 1.1, ஏறத்தாழ 200 (கிலோவை மீட்டரால் பெருக்கிய திருப்புவிசை). ட்ராபீஸில் (பாய்மரத்திலிருந்து வரும் கம்பி) படகுக்கு வெளியே தொங்கும் இரண்டு பேரின் எடைமையம் சுமார் 3.3 மீட்டர் தள்ளி: 150 × 3.3, ஏறத்தாழ 495. மொத்தம் 700-ஐ ஒட்டுகிறது. இவ்வளவு திருப்புவிசையும் ஷ்ரௌட் கம்பி (பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிப்பது) வழியாகப் பாய்மரத்துக்குப் போய், மெயின்ஷீட் (பெரிய பாயை இழுக்கும் கயிறு) இழுப்பும் முன்கம்பி இழுப்பும் சேர்ந்து, பாய்மரத்தின் அடியில் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தும். அந்த அழுத்தம் விழுவது முன்பீமின் நட்டநடுவில்.

80 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியக் குழாயை 2.2 மீட்டர் இடைவெளியில் இரண்டு முனையிலும் வைத்து, நடுவில் ஒரு டன் ஏற்றிப் பாருங்கள். சாதாரண வளைவுக் கணக்கிலேயே ஏறத்தாழ 470 மெகாபாஸ்கல் வரும். 6061-டி6 அலுமினியம் 275-ஐ ஒட்டியே மடங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் முன்பீமுக்கு அடியில் டால்ஃபின் ஸ்ட்ரைக்கர் என்ற தாங்குகம்பி போகிறது. அதன் ஆழத்தை அழகுக்காகக் குறைக்காதீர்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் அந்தக் கம்பி மட்டும் முழுச்சுமையையும் தாங்குவதாக வைத்தால் இழுவிசை 3.7 டன். ஆழம் பாதியானால் இழுவிசை இரட்டிப்பாகும். பீமும் பங்கு எடுத்துக்கொள்வதால் நிஜத்தில் இவ்வளவு வராது. ஆனாலும் முதலில் போவது கம்பியின் முனை மரைதான். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும் குணமுடையவை. மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவாமல் முறுக்காதீர்கள்.

பீம் உட்காரும் இடத்தில் ஹல்லுக்குள் கட்டாயம் ஒரு பல்க்ஹெட் (குறுக்குத் தடுப்பு) வேண்டும். அந்த இடத்தில் ஃபோமை எடுத்துவிட்டுக் கெட்டியான கிளாஸ் லேமினேட்டோ எப்பாக்ஸி ஊறிய ப்ளைவுட்டோ வையுங்கள். வெறும் ஃபோமின் மேல் போல்ட்டை முறுக்கினால் ஃபோம் நசுங்கும். இன்று இறுகியதுபோல் தெரியும், இரண்டு நாள் ஓட்டியதும் ஆடத் தொடங்கும். போல்ட் துளையைப் பெரிதாகப் போட்டு, சிலிக்கா கலந்த எப்பாக்ஸியால் அடைத்து, காய்ந்ததும் சரியான அளவில் மறுபடி துளையிடுவதே முறை. பீமுக்குள் போல்ட் போகும் இடத்தில் ஒரு உள்குழல் வையுங்கள். இல்லாவிட்டால் பீம் சுவர் உள்வாங்கும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் உப்புத் தண்ணீரில் தொட்டால் அலுமினியம் அரிக்கும், கார்பன் தொட்டால் இன்னும் வேகமாக. இடையில் நைலான் வாஷரோ காப்புப் பசையோ கண்டிப்பாக வேண்டும்.

மூலை தளர்ந்தால் படகு கால் ஆடும் கயிற்றுக் கட்டிலாகிவிடும். ஒரு முகப்பு ஏறும், மறு முகப்பு இறங்கும். முன்கம்பி தொய்யும், முன்பாயின் வடிவம் கெடும், காற்றுக்கு எதிரே ஏறும் கோணம் போய்விடும். இந்த இழப்பை ஐந்து கிலோ எடைக் குறைப்பு ஈடுகட்டாது. சோதிப்பது எளிது. பின்முனை இரண்டையும் ஒரு முகப்பையும் மட்டமான ஸ்டாண்டில் வைத்து, எழும்பாதபடி கட்டுங்கள். அந்தரத்தில் இருக்கும் மறு முகப்பில் 25 கிலோ தொங்கவிட்டு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை அதையே செய்து, எண் கூடினால் மூட்டைத் திறந்து பாருங்கள். முதல்முறை ஜோடிக்கும்போது மூலைவிட்டம் இரண்டும் 3 மில்லிமீட்டருக்குள் சமமாக இருக்கிறதா என்று டேப் பிடிக்க மறக்காதீர்கள்.

ஹல்லின் லேமினேட்டுக்கு நான் சொல்வது: 8 மில்லிமீட்டர் பிவிசி ஃபோம், கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தி, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக 300 கிராம் பயாக்சியல் கிளாஸ் துணி, இழை ±45 டிகிரியில், ஏனென்றால் முறுக்கலைத் தாங்குவது அந்தத் திசைதான். நீளவாட்டு வளைவுக்கு அடிக்கோட்டிலும் மேல்விளிம்பிலும் 10 சென்டிமீட்டர் அகலத்தில் யூடி (இழை ஒரே திசையில் போகும்) பட்டை. ஃபோம், இரண்டு துணி, துணிக்குச் சமமான எப்பாக்ஸி, ஃபோம் துளை குடிக்கும் எப்பாக்ஸி எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 2.4 கிலோ அளவில் வரும். ஒரு ஹல்லுக்கு 6.5 சதுர மீட்டர் என்றால் 15 கிலோவுக்குச் சற்று மேல். பல்க்ஹெட், டாகர்போர்டு (தண்ணீருக்குள் இறக்கும் செங்குத்துப் பலகை) கூடு, பெயின்ட் எல்லாம் சேர்த்து 25 கிலோவுக்குள் முடித்தால் நல்ல வேலை.

ராணிப்பேட்டை பக்கம் கெமிக்கல் தொட்டிக்கு ஃபைபர் அடிக்கிறவர்களின் கைவேலை நேர்த்தியானது. அவர்களிடம் மோல்டு செய்து வாங்குங்கள். ஆனால் ஹல்லை அந்த முறையில் அடிக்கச் சொல்லாதீர்கள். சாப்டு மேட்டும் (துண்டு இழை விரிப்பு) பாலியெஸ்டர் ரெசினும் போட்டால் எடையில் 70 சதவீதம் ரெசின்தான் இருக்கும். தொட்டிக்கு அது நல்லது, பந்தயப் படகுக்குச் சுமை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஐஎஸ் 710 மரைன் ப்ளையும் அப்படித்தான். தரமானது, தண்ணீர் தாங்கும், ஆனால் வெளிநாட்டில் படகுக்குப் பயன்படும் ஒகூமே ப்ளையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். பல்க்ஹெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெயிலுக்கு வருவோம். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் எப்பாக்ஸிக் கலவை, மே மாதம் 38 டிகிரி ஷெட்டில் 12 நிமிடத்தில் கெட்டியாகும். வாளியில் மொத்தமாகக் கலந்தால் புகைந்து கொதிக்கும். ஸ்லோ ஹார்டனர் வாங்குங்கள், 200 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள், கலந்த உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். விடிகாலை நாலு மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் வேக்கம் பையை (காற்றை உறிஞ்சி அடுக்குகளை அழுத்தும் பிளாஸ்டிக் உறை) மூடிவிட வேண்டும். வேக்கம் 0.7 முதல் 0.8 பார் போதும். பம்ப்பை நிறுத்தி 10 நிமிடம் பாருங்கள்; முள் இறங்கினால் ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். இறுகும்வரை ஆறேழு மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் ஃபோம் துணியைவிட்டுப் பிரிந்துவிடும், இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ தயாராக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு பிரச்சினை: இறுகிய எப்பாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் பூக்கும். வெறும் தண்ணீரும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் உள்ளே அமுங்கி அடுத்த அடுக்கு ஒட்டாது.

அறைச்சூட்டில் மட்டும் இறுகிய எப்பாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கறுப்போ கருநீலமோ பூசிய ஹல்லை வேலூர் வெயிலில் விட்டால் மேல்தோல் 70 டிகிரி தொடும். ஸ்டாண்ட் தாங்கும் இடம் குழியும், துணியின் நெசவு வெளியே அச்சடித்ததுபோல் தெரியும், மூட்டு நழுவும். ஆகவே மோல்டிலிருந்து எடுக்கும் முன்பே ப்ளைவுட் பெட்டியால் மூடி, ஹீட்டர் விசிறியும் தெர்மோஸ்டாட்டும் வைத்து, மணிக்கு 10 டிகிரிக்கு மிகாமல் ஏற்றி, 60 டிகிரியில் 8 மணி நேரம் வையுங்கள். முகப்பு, நடு, பின்புறம் மூன்றிலும் தெர்மாமீட்டர் வேண்டும், ஒரு முனை எப்போதும் பின்தங்கும். அதற்கு மேல் சூடேற்றினால் பிவிசி ஃபோமே இளகும். பிறகு பெயின்ட், வெள்ளை மட்டும்.

ஹல்லை முழுக்க அடைத்துவிடாதீர்கள். வெயிலில் உள்காற்று 55 டிகிரியாகி, 28 டிகிரிக் கடலில் இறங்கும்போது அழுத்தம் 8 சதவீதம் குறையும். சதுர மீட்டருக்கு 800 கிலோ அளவில் வெளியிலிருந்து அழுத்தும், மயிரிழை விரிசலிருந்தாலும் தண்ணீரை உறிஞ்சும். மேல்தளத்தில் பின்பீம் அருகே 2 மில்லிமீட்டர் மூச்சுத்துளை ஒன்று போதும்.

டாகர்போர்டுக்கு என்ஏசிஏ 0012 என்ற இறக்கை வடிவக் குறுக்குவெட்டு நம்பகமானது. கார்பன் வாங்கியே தீருவது என்றால் இங்கேயும் சுக்கான் தண்டிலும் போடுங்கள். இரண்டு போர்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், கோணம் பிசகினால் எந்நேரமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். தண்ணீருக்கு மேலே பறக்கவைக்கும் ஃபாயில் முதல் படகுக்கு வேண்டாம். அதன் சுமை அத்தனையும் ஒரே கூட்டில் இறங்கும், கட்டுமானம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பாய்மரத்தை அலுமினியத்திலேயே ஆயத்தமாக வாங்குங்கள்; சுழலும் வகை, டைமண்ட் கம்பியோடு (பாய்மரம் வளையாமல் பிடிப்பது). அடியும் நுனியும் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும், கவிழ்ந்தால் படகு முழுக்கத் தலைகீழாவதைத் தடுப்பது அந்த மிதப்புதான். முதல் வெள்ளோட்டத்துக்குக் காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்தால், அனுமதியோடு, மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்திருக்கும்போது போங்கள். டாகர்போர்டு ஒரு மீட்டர் ஆழத்தையும் தாண்டிக் கீழே இறங்கும். பாய்மரம் 9 மீட்டர், உலோகம். கரையில் நிறுத்தும் முன்பு தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். படகைத் தள்ளிக்கொண்டு போகும் பாதை முழுவதையும் ஒருவர் முன்னால் நடந்து பார்த்துவிட்டு வந்த பிறகே பாய்மரத்தை நிமிர்த்துங்கள்.