எந்த பிரெட் புத்தகம் வாங்கலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரெட் செய்து எனக்குப் பழக்கமே இல்லை. ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? (சேலம் வாசகி)

கென் ஃபோர்கிஷ் எழுதி 2012இல் வந்த ‘ஃப்ளவர் வாட்டர் சால்ட் ஈஸ்ட்’. இதில் செய்முறைகள் குறைவு, விளக்கம் அதிகம். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுதான் வேண்டும். முதல் செய்முறையில் காலையில் மாவைக் கலந்து மாலையில் சுட்டு எடுத்துவிடலாம்: மாவு 1000 கிராம், தண்ணீர் 720, உப்பு 21, ஈஸ்ட் 4. இது இரண்டு பிரெட்டுக்கான அளவு, பாதியாக்கிக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் மைதா பெரும்பாலும் அவ்வளவு தண்ணீர் தாங்காது. அதனால் 500 கிராம் மாவுக்கு முதலில் 330 கிராம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மாவு இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

அந்தப் புத்தகத்திலேயே இரவில் கலந்து வைக்கும் பிரெட் ஒன்று இருக்கிறது. சொன்னபடியேதான் செய்தேன். காலையில் பார்த்தால் மாவு பொங்கி அமுங்கி, கூழ் மாதிரி ஒட்டுகிறது. புத்தகம் தவறா? (சென்னை வாசகர்)

புத்தகமும் தவறில்லை, நீங்களும் தவறு செய்யவில்லை. எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதே கதைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தச் செய்முறையில் சொல்லும் 12 முதல் 14 மணி நேரம் என்பது சுமார் 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் சமையலறைக்கானது. அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் எழுதிய பிரெட் புத்தகங்கள் அநேகமாக எல்லாமே இப்படிக் குளிர்ந்த வீட்டை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. உங்கள் வீட்டில் இரவில்கூட 30 டிகிரி இருக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஈஸ்ட்டின் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. சித்திரை மாதத்து இட்லி மாவு மார்கழி மாவைவிடச் சீக்கிரம் பொங்கிவிடுவது போலத்தான் இதுவும்.

இதற்குக் கடிகாரத்தை நம்புவதை விட வேண்டும். மாவை நேரான சுவருள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, அதன் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஃபோர்கிஷே அந்த மாவு இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகும்வரை என்றுதான் சொல்கிறார். உங்கள் வீட்டில் அது ஆறு மணி நேரத்திலேயே ஆகிவிடலாம்.

இன்னொரு வழி, தண்ணீரைக் குளிரவைப்பது. ஜெஃப்ரி ஹேமல்மேனின் ‘பிரெட்’ (முதல் பதிப்பு 2004) இதற்கு ஒரு கணக்கே சொல்லித் தருகிறது. கலந்து முடித்த மாவு 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24ஐ மூன்றால் பெருக்கினால் 72. அதில் அறையின் வெப்பம் 31, கலக்காத உலர்ந்த மாவின் வெப்பம் 31, கையால் பிசைவதில் ஏறும் சூடு 2 ஆகியவற்றைக் கழித்தால் மிச்சம் 8. ஆக, 8 டிகிரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் கிட்டத்தட்ட அந்தக் குளிர்ச்சியில்தான் இருக்கும். இந்த ஒரு கணக்குக்காகவே அந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்பேன்.

பீட்டர் ரைன்ஹார்ட்டின் ‘த பிரெட் பேக்கர்ஸ் அப்ரென்டிஸ்’ (2001) புத்தகத்தில் ‘பான் ஆ லான்சியேன்’ என்றொரு பிரெட் வருகிறது. ஐஸ் தண்ணீரில் பிசைந்த மாவை உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் எடுத்துச் சுடுவது. கோடையில் நம் ஊருக்கு இது அருமையாகப் பொருந்தும்.

மைதா வேண்டாம், முழுக் கோதுமையில் மட்டும் செய்ய வேண்டும். (கோவை வாசகி)

‘த லாரல்ஸ் கிச்சன் பிரெட் புக்’, 1984. முழுக்க முழுக்கத் தவிடு நீக்காத மாவுக்காகவே எழுதப்பட்டது. ‘கற்றுக்கொள்ள ஒரு பிரெட்’ என்று ஒரே பிரெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் பொறுமையாக விளக்கும் பகுதி அதில் உண்டு. வாங்கினால் அதைத் தாண்டிப் போக அவசரப்படாதீர்கள். நம் சக்கிக் கோதுமை மாவில் கல் நசுக்கி அரைப்பதால் ஸ்டார்ச் அதிகம் உடைந்திருக்கும், அதனால் தண்ணீரை நிறைய குடிக்கும். புத்தகத்தில் உள்ள தண்ணீர் போதவில்லை என்று தோன்றினால் கை சொல்வதைக் கேளுங்கள். கலந்தபின் அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிசைந்தால் தவிடு ஊறி, மாவு கிழியாமல் வரும்.

முட்டை இல்லாத பிரெட் புத்தகம் எது? (திருச்சி வாசகி)

தனியாகத் தேட வேண்டியதில்லை. அடிப்படை பிரெட்டுக்கு மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இவை நான்கும் போதும். முட்டை பெரும்பாலும் பிரியோஷ் போன்ற இனிப்பு, வெண்ணெய் வகைகளில்தான் வரும்.

கடை ஈஸ்ட் போடாமல், புளித்த மாவை வைத்தே பொங்கவைக்கும் சோர்டோ பிரெட்டுக்கு? (பெங்களூரு வாசகர்)

சாட் ராபர்ட்சனின் ‘டார்ட்டீன் பிரெட்’, 2010. அவருடைய சான் பிரான்சிஸ்கோ பேக்கரியின் கன்ட்ரி பிரெட்தான் புத்தகத்தின் உயிர். ஒரே பிரெட்டுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் போகும், முதல் வாசிப்பில் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் மாவைப் புளிக்க வைப்பது சுமார் 26 முதல் 28 டிகிரியில், மூன்று நான்கு மணி நேரம். மற்ற புத்தகங்களைவிட இது நம் ஊர் வெப்பத்துக்கு நெருக்கம். அளவும் நினைவில் நிற்கும்: மாவு 1000, தண்ணீர் 750, புளித்த மாவு 200, உப்பு 20.

என்னிடம் சின்ன ஓடிஜி (மேசை மேல் வைக்கும் மின் அடுப்பு)தான் இருக்கிறது. கனமான இரும்புப் பாத்திரத்தில் சுடச் சொல்கிறார்களே? (மதுரை வாசகர்)

இந்தப் பாத்திர முறையைப் பலர் வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது ஜிம் லாஹியின் பிசையாத பிரெட். 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் வெளியானது. மூடிய பாத்திரத்துக்குள் மாவின் ஈரமே நீராவியாகி மேலோட்டை மொறுமொறுப்பாக்கும். ஆனால் அடுப்பு 230 டிகிரிக்காவது ஏற வேண்டும், பாத்திரமும் மூடியோடு உள்ளே போக வேண்டும். ஃபோர்கிஷ் கேட்பது கிட்டத்தட்ட 4 லிட்டர் பாத்திரம். வாங்கும் முன் ஓடிஜியின் உள் உயரத்தை அளந்து பாருங்கள், மேல் கம்பிக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இல்லையென்றால் டின்னில் சுடும் மிருதுவான பிரெட் பக்கம் போங்கள். அதற்கு ரோஸ் லெவி பெரன்பாமின் ‘த பிரெட் பைபிள்’ (2003) நல்லது.

நீங்கள் சொல்லாத புத்தகம் ஒன்று கடையில் கண்ணில் பட்டால் எப்படி எடைபோடுவது? (தஞ்சாவூர் வாசகி)

ஏதாவது ஒரு செய்முறையைத் திறந்து, கிராமில் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். கப் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். ஒரு கப் மாவு, அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமும் ஆகலாம், 150ம் ஆகலாம். அப்புறம் உப்பு: மாவின் எடையில் 2 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். மாவு எந்த வெப்பத்தில், எவ்வளவு பொங்கும்வரை என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாம். வெறுமனே ‘ஒரு மணி நேரம்’ என்று மட்டும் இருந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

‘மாடர்னிஸ்ட் பிரெட்’ வாங்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

2017இல் வந்த ஐந்து தொகுதிகள், விலையும் அதிகம். அசாத்தியமான உழைப்புதான். ஆனாலும் வீட்டில் சுடுபவருக்கு ஹேமல்மேனும் ஒரு நல்ல தராசும் ஒரு தெர்மாமீட்டரும் அதைவிட உதவும்.