கிராங்க் நீளம் மாறினால் முழங்கால் வலிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. வார நாட்களில் ரோடு சைக்கிள், விடுமுறை நாட்களில் மலைப்பாதையில் ஓட்டும் எம்டிபி சைக்கிள் என மாறி மாறி ஓட்டுகிறேன். முதலாவதில் கிராங்க் (பெடலை நடு அச்சோடு இணைக்கும் கை) 170 மி.மீ., இரண்டாவதில் 175. எம்டிபி ஓட்டிய மறுநாள் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது; படி இறங்கும்போது அதிகம். வீக்கம் இல்லை. நிறுத்தும்போது கால் தரையில் எட்ட வேண்டும் என்று அதில் சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறேன். இரண்டு கிராங்க் நீளத்தில் ஓட்டினால் மூட்டு தேய்ந்துவிடுமா? 165-க்கு மாற்றிவிடலாமா?

பதில்: தேய்மானத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். 5 மி.மீ. வித்தியாசத்துக்காக மூட்டு தேய்ந்துபோவதில்லை. உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் சீட் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெடல் உச்சிக்கு வரும்போதுதான் முழங்கால் அதிகமாக மடங்குகிறது. மடக்கிய நிலையில் பலமாக மிதித்தால் முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும். கிராங்க் 5 மி.மீ. நீளும்போது பெடல் உச்சியில் 5 மி.மீ. மேலே வருகிறது, அடியில் 5 மி.மீ. கீழே போகிறது. அடியில் கால் அதே அளவு நீள வேண்டுமென்றால் சீட்டை 5 மி.மீ. இறக்க வேண்டும், அப்போது உச்சியில் முழங்காலுக்கு மொத்தம் 10 மி.மீ. இடம் குறைகிறது. இதைப் பெரும்பாலான முழங்கால்கள் தாங்கிக்கொள்ளும். நீங்களோ தரையில் கால் எட்டுவதற்காகச் சீட்டை இன்னும் இறக்கியிருக்கிறீர்கள். அது சில சென்டிமீட்டர்கூட இருக்கலாம். அதோடு மேட்டில் கனமான கியரில் அழுத்தி ஏறினால் முன்பக்கம் வலிக்கத்தான் செய்யும்.

சீட்டின் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். பெடலை அடியில், சீட் குழாயின் நேர்கோட்டில் நிறுத்தி, பெடலின் மேற்பரப்பிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை டேப்பால் அளந்து பாருங்கள். கிராங்க் அச்சிலிருந்து அளந்தால் கிராங்க் நீள வித்தியாசம் கணக்கில் வராது. உங்களுக்கு வலி தராத ரோடு சைக்கிளின் அளவை எம்டிபிக்குக் கொண்டுவாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருந்தால் சரி. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஏற்ற வேண்டாம், சில மி.மீ. வீதம் ஏற்றுங்கள். முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

வலி ஒரு காலில் மட்டும் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். கிராங்கின் உட்பக்கம், பெடல் மாட்டும் இடத்துக்கு அருகே நீளம் பொறித்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றிய பழைய சைக்கிள்களில் இடதும் வலதும் வேறு நீளத்தில் இருப்பதுண்டு. அப்படி இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள்.

அடுத்த இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, மேட்டைத் தவிர்த்து, லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று வரும்படி மிதியுங்கள். முழு ஓய்வு தேவையில்லை. தொடை முன்தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பயிற்சி செய்யுங்கள்: காலை நீட்டியபடி தூக்குவது, பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். எந்த மாற்றம் பலன் தந்தது என்பதே தெரியாமல் போய்விடும். மூட்டு வீங்கினாலோ, பூட்டியது போல நின்றாலோ, நடக்கையில் கால் மடங்கி விழப் பார்த்தாலோ, ஆறு வாரத்தில் குறையாவிட்டாலோ நேரில் காட்டுங்கள். சூடும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

165 பற்றி: சீட் சரியான பிறகும் வலி இருந்தால் மாற்றிப் பார்க்கலாம். குள்ளமானவர்கள், இடுப்பு மூட்டு மடக்கும்போது இடிப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழங்கால் முழுதாக மடங்காதவர்கள் ஆகியோருக்கு நானே குட்டைக் கிராங்கைச் சொல்வேன். வேகம் குறையும் என்ற கவலை வேண்டாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களை ஒப்பிட்டார்கள். அதிகபட்ச மிதி சக்தியில் சுமார் 4 சதவீத வித்தியாசமே இருந்தது. 175-லிருந்து 165-க்கு மாற்றினால் சீட்டை 10 மி.மீ. ஏற்றுங்கள், மேட்டில் ஒரு கியர் லேசாக வைத்துக்கொள்ளுங்கள்.